புவான் என்று தொடங்கிய கடிதம்

இன்று காலை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை வழியாக வந்தேன். உள்ளே பச்சைப்பயறு கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மணத்துக்குப் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதில் போட்டிருப்பார்கள் போல. பனியோடு சேர்ந்து அந்த வாசனை நம் வீடுகள் இருக்கும் லயத்துப் படிவரை இறங்கி வந்திருந்தது. ஏதோ ஒரு குழந்தை தட்டைத் தரையில் அடித்து விளையாடும் சத்தம் கேட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் கொஞ்சம் நின்றேன். இந்த நேரத்தில் இந்தக் கட்டடத்தில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலைப் பொட்டலமும் ஸ்ட்ராபெரி ஜாமும் விற்றுக்கொண்டிருக்க வேண்டியது. விற்கவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கஞ்சிதான் கொதிக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். அதற்குப் பிறகு நீ தானா ராத்தா டவுனுக்குப் படிக்கப் போனாய், திரும்பி வந்து தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஆனாய். நான் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனேன். லயமே உன்னைக் கிராணியம்மா என்று கூப்பிட்டது. எனக்கு மட்டும் நீ 'அடியே'தான்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், பேங்கு கடிதமோ பள்ளிக்கூடக் கடிதமோ, முதலில் மேலே இருக்கும் அழைப்பு வரியைத்தான் பார்ப்பாய். கீழே என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம்தான். "அந்த ஒரு வரி போதும்லா. எழுதினவன் நம்மள எங்க உக்கார வச்சிருக்கான்னு தெரிஞ்சிடும்" என்பாய். என் தம்பி பிரிஞ்சாங்கில் ஓட்டல் டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து உன்னிடம் காட்டினானே, நினைவிருக்கிறதா? 'ஹாய் சார்' என்று தொடங்கி, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி நட்டு வைத்திருந்தான். நீ அதைப் பார்த்துவிட்டு, "வேல கேக்கிறியா தம்பி, இல்ல ரோட்டுல டாக்சிய நிறுத்தறியா?" என்று கேட்டாய். அவன் வெட்கப்பட்டுத் திரும்ப எழுதினான். வேலை கிடைத்தது. அது கடிதத்தால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அப்போதெல்லாம் உன் பழக்கம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சல்மா துரை வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

நம் தோட்டத்துக்கு ஒரு பெண் மேனேஜராக வந்தது அதுதான் முதல் தடவை. லயத்தில் எல்லோரும் குழம்பிப்போனார்கள். துரை என்றால் ஆண்தான் என்று ஊறிப்போன வாய்கள். ஆகவே 'துரைசாணி' என்று ஆரம்பித்தார்கள். குழாயடியில் நீ அதைக் கேட்டுவிட்டு, குடத்தைக் கீழே வைத்தாய்.

"துரைசாணின்னா யாரு? துரையோட பொண்டாட்டி. இவங்க இங்க யாரோட பொண்டாட்டியாவும் வரல. இவங்கதான் துரை. துரைன்னே சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்த வாரத்துக்குள் லயம் முழுக்க 'சல்மா துரை' என்றுதான் பேசியது.

அவர் வந்து சில மாதங்களில் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஆயாக்கொட்டகை மாதக் கடைசியோடு மூடப்படும், அந்த இடம் சுற்றுலாக் கடையாக மாற்றப்படும் என்று மலாயில் நாலு வரி. அதைத் தட்டெழுதியது நீதான். அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாய்.

"தலைமை ஆபீஸ் சொல்லிச்சு, சல்மா துரை கையெழுத்துப் போட்டாங்க, நான் அடிச்சேன். மேல ஐயா, அம்மான்னு மரியாதைக்கு 'துவான், புவான்'னு ஒரு வார்த்தை போடட்டுமான்னு பெரிய கிராணிகிட்ட கேட்டேன். லயத்துக்காரங்களுக்கு எதுக்கு புவான்னு கேட்டாருடி."

கொட்டகை மூடுவதைவிட அந்தச் சொல் உன்னை அதிகம் சுட்டது என்று நினைத்தேன். தவறு. இரண்டும் ஒன்றுதான் என்று நீ அப்போதே பார்த்துவிட்டாய். யாரை ஐயா, அம்மா என்று கூப்பிடத் தோன்றவில்லையோ, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே கிடந்தால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என் மகள் செலினுக்கு அப்போது கைக்குழந்தை. மருமகன் சிங்கப்பூரில். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு அவள் பேக்டரிக்குப் போக வேண்டும், நான் மலைக்குப் போக வேண்டும். கொட்டகை இல்லையென்றால் இரண்டு பேரில் ஒருத்தி வேலையை விட வேண்டும். எதிர் லயத்து நிர்மலா, மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுச் சின்னதைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைத் தவிர வழியில்லை என்று அழுதாள். அந்தப் பெண் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து எல்லோரும் என் வீட்டில் கூடினோம். இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள்தான் அதிகம். தொழிலாளர் தலைவர் முனியாண்டி அண்ணன் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்று வாசித்தார். 'மேன்மை தங்கிய, கருணைக்கடலாகிய துரை அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று அது தொடங்கியது.

"பாதத்துக்கு எதுக்குண்ணே எழுதறீங்க? பாதம் படிக்குமா?" என்றாய்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து நிர்மலா தன் தாளை நீட்டினாள். அதில் பேரும் இல்லை, வணக்கமும் இல்லை. 'நிர்வாகத்துக்கு எச்சரிக்கை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நீ அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "கோவம் நியாயம்மா. அத உள்ள வைப்போம். வாசல்லயே வச்சா கதவு தொறக்காது" என்றாய்.

நான்தான் நடுநிலை பேசினேன். ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரி, ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் சாய்ந்த கோடு போட்டு, 'துவான்/புவான்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் வம்பில்லை என்றேன்.

"விருந்துக்கு அழைக்க உன் வீட்டுக்கு வர்றவங்க, 'இந்த வீட்டு ஐயாவோ அம்மாவோ யாரோ வாங்க'ன்னு கூப்பிட்டா நீ போவியா? யாருன்னு தெரியாத எடத்துக்கு அந்தக் கோடு போடு. இவங்க யாருன்னு நமக்குத் தெரியும்லா. தெனம் நம்ம கண்ணு முன்னாடி பூட்ஸ் போட்டுக்கிட்டு மலை ஏறறாங்க" என்றாய்.

பிறகு நீ எழுத உட்கார்ந்தாய். மேலே இடப்பக்கம் அவருடைய முழுப் பெயர், அதன் கீழ் பதவி, அதன் கீழ் தோட்டம். பெயரை ஆபீஸ் கதவில் இருந்தபடியே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து வைத்திருந்தாய். ஒரு வரி இடம் விட்டு, 'புவான்' என்று எழுதி, ஒரு கமா போட்டாய். போட்டுவிட்டு நிறுத்தினாய். நாங்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தச் சின்ன வாலுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்டேன்.

"கமா இல்லன்னா, கூப்பிட்டுக்கிட்டே உள்ள நொழஞ்ச மாதிரி. கமா போட்டா, கூப்பிட்டுட்டு வாசல்ல நிக்கிறோம். அவங்க நிமிர்ந்து பாக்கட்டும். அப்புறம் சொல்லுவோம்."

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னோம், நீ மலாயில் எழுதினாய். நிர்மலாவின் பெண்ணைப் பற்றி எழுதினாய். செலினைப் பற்றி எழுதினாய். கொட்டகை இருக்கும் மேட்டில் சுற்றுலா பஸ் திரும்பவே முடியாது, பெரிய ரோட்டோரம் சும்மா கிடக்கும் பழைய ஸ்டோர்தான் கடைக்கு நல்ல இடம் என்று பச்சையம்மா அக்கா சொன்னார். உன் பேனா ஒரு கணம் நின்றது. "இதுதான்க்கா கடிதம்" என்று சொல்லி அதையும் எழுதினாய். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாயின் பெயரையும் கீழே முழுசாக எழுதினாய். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 'புவான்' போட்டாய். யாரும் கேட்கவில்லை, நீயாகத்தான் போட்டாய்.

எல்லோரும் போன பிறகு, "நீ எழுதினதுன்னு தெரிஞ்சா வேலை போயிடும்டி" என்றேன். "கேட்டா சொல்லிடுவேன்" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் நானும் நிர்மலாவும் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தோம். கவுண்டரில் நீ இருந்தாய். எங்களை முன்பின் பார்த்திராதவள் போல எழுந்து நின்று, "உக்காருங்க, புவான்" என்று நாற்காலியைக் காட்டினாய். நிர்மலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, சல்மா துரையின் மேசையில் கொண்டுபோய் வைத்தாய். பெரிய கிராணி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் படிப்பது தெரிந்தது. முதலில் மேலே பார்த்தார். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கடைசிவரை படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். அதற்குப் பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, மலாயில், அமைதியாகத்தான், "இந்தக் கடிதத்தை எழுதியது யார்?" என்று கேட்டார்.

பெரிய கிராணி மேசை டிராயரில் எதையோ தேட ஆரம்பித்தார்.

நீ எழுந்து நின்றாய். "தாய்மார்கள் சொன்னார்கள், புவான். எழுதியது நான்."

"மூடப்போகிறோம் என்ற நோட்டீசை அடித்ததும் நீங்கள்தானே?"

"ஆமாம், புவான். அது என் வேலை. இது என் லயம்."

சல்மா துரை உன்னைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தலைமை ஆபீசிலிருந்துகூட எனக்கு இன்னும் 'துவான்' என்றுதான் கடிதம் வருகிறது. இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் கடிதம் இது" என்றார். பிறகு, "நாளைக் காலையில் கொட்டகைக்கு வருகிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றதை நிர்மலா பாதி லயத்துக்குத்தான் சொன்னாள்.

மறுநாள் விடியும் முன், பனி கண்ணை மறைக்கும் நேரத்தில் அவர் நடந்தே வந்தார். தாய்மார்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடுவதை ஓரமாக நின்று பார்த்தார். செலினின் குழந்தை அவருடைய கால்சட்டையைப் பிடித்து எழுந்து நின்றது. அதுதான் அவன் முதல்முதலாக எதையாவது பிடித்து நின்ற நாள். அவர் அசையாமல் அவன் உட்காரும்வரை அப்படியே இருந்தார். பிறகு மேட்டின் வளைவை நடந்து பார்த்தார், பழைய ஸ்டோரைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

அன்றே தலைமை ஆபீசுக்கு அவர் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெறுபவர் டத்தோ பட்டம் பெற்றவர். ரோமன் எழுத்தில் அந்தப் பட்டத்தை எழுதினால் கடைசி எழுத்துக்கு அப்புறம் மேலே ஒரு சின்னக் குறி தொங்க வேண்டுமாம். பெரிய கிராணி அதை விட்டுவிட்டார், நீ போட வைத்தாய் என்று அன்று சாயங்காலம் சொன்னாய். "அந்தக் குறிய விட்டா பட்டத்த பாதியில பறிச்ச மாதிரி இருக்கும்டி. பிள்ளைங்களுக்காகக் கேக்கப் போற நேரத்துல அது வேணுமா?"

பதில் வரவில்லை. நாட்கள் போயின. மாதக் கடைசி நெருங்கியது. செலின் வேலையை விடுவதற்கு நாள் பார்க்க ஆரம்பித்தாள். முனியாண்டி அண்ணன், பாதத்துக்கே எழுதியிருக்கலாம் என்று முணுமுணுத்தார். நீ மட்டும் தினமும் ஆபீசுக்கு நேரத்தோடு போனாய், தபாலைப் பிரித்தாய், சாயங்காலம் என் வாசலைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைத்தாய். இன்னும் இல்லை.

பிறகு ஒரு நாள் தலையை அசைக்கவில்லை. மேட்டிலிருந்தே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்த வயதில், ஓடி வந்தாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"கொட்டகை இருக்குடி. கூரையும் மாத்தித் தராங்க. கடை ஸ்டோருக்குப் போகுது."

அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். செலின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமலே அழ ஆரம்பித்தாள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய நாள் அதற்கடுத்த திங்கட்கிழமை. இந்தச் செய்தியை நோட்டீசாக ஒட்டிவிடலாம் என்று பெரிய கிராணி சொல்லியிருக்கிறார். சல்மா துரை, "அவர்கள் என் பெயருக்கு எழுதினார்கள். நானும் அவர்கள் பெயருக்குத்தான் எழுத வேண்டும்" என்று சொல்லிவிட்டாராம். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம். நீ அடித்தாய். உறைகளின் மேல் பெயர் எழுதும் வேலையைப் பெரிய கிராணியிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு உறையிலும் 'புவான்' என்று அவர் தன் கையால் எழுதினார். அவருடைய கையெழுத்து அழகு, அதை நீயே சொல்லியிருக்கிறாய். முடித்துவிட்டு உன்னிடம் வந்து, "சரியா இருக்கா பாரும்மா. எதையும் விட்டுடலயே?" என்று கேட்டாராம். அவரும் நல்ல மனுஷன்தான் என்று அன்று நீ சொன்னாய்.

பெரட்டுக்களத்தில் சல்மா துரையே நின்று உறைகளைக் கொடுத்தார். "புவான் பச்சையம்மா" என்று கூப்பிட்டார். யாரும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். பச்சையம்மா அக்கா பின்னால் திரும்பி, யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் போல என்று பார்த்தார். "உங்களத்தான்க்கா" என்று நான் தள்ளிவிட்டேன். அவர் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. உறையைப் பிரித்தேன். என் பெயர், என் லயத்தின் எண், தோட்டம். ஒரு வரி இடம். 'புவான்.' அதன் பக்கத்தில் கமா. தலையைத் தூக்கினேன். ஆபீஸ் படியில் நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய். அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரரின் காய்கறி லோரியில் ஏறி தானா ராத்தா போய், எல்லோரும் ரொட்டி சானாய் தின்றோம். நிர்மலாவின் மூத்த பெண் எங்கள் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, மலாயிலிருந்து தமிழுக்கு வரி வரியாகச் சொன்னாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனதும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததும் நமக்குள் இருக்கட்டும். கடைசி வாரத்தில்கூட ஆஸ்பத்திரி கொடுத்த தாளை வாங்கி மேலே பார்த்துவிட்டு, "பேர சரியா எழுதியிருக்காங்கடி, நல்ல ஆஸ்பத்திரி" என்றாய். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

நீ இல்லாத லயத்தில் கடிதம் எழுத ஆள் இல்லை என்றார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். என் மலாய் உன்னுடைய மலாய் போல வராது. நிர்மலாவின் பெண் திருத்தித் தருகிறாள். கடிதம் எழுதச் சொல்லி வருகிறவர்கள் நேராகக் குறையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். "இருங்க. முதல்ல யாருக்குன்னு சொல்லுங்க. அவங்க பேரு என்ன?" அதற்கே பாதி நேரம் போய்விடும். பங்களாதேஷிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன், இங்கே வந்து இத்தனை காலத்தில் தன் முழுப் பெயரைக் கேட்டது நான்தான் என்றான். அவன் பெயர் நீளமானது. முழுசாக எழுதினேன்.

போன மாதம் ஒரு பெரிய வேலை. தோட்டத்து முச்சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒரு நிழற்குடை கேட்டு அரசாங்க ஆபீசுக்கு எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று எழுதினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன் போட்டேன். கை மாற்றிக் கை மாற்றிக் கடைசியில் ஓர் அதிகாரி கிடைத்தார். நான் என் உடைந்த மலாயில், "உங்களுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன், துவான். உங்கள் பெயரைத் தப்பில்லாமல் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். சரி என்றார். போனை வைக்கப் போனேன்.

"புவான், வைத்துவிடாதீர்கள்" என்றார். "உங்கள் பெயரை எப்படி எழுதுவது?"

அமலி என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முச்சந்தியில் நேற்று நிழற்குடைக்குத் தூண் நட்டுவிட்டார்கள்.